"சாராயத்தைவிடக் கஞ்சா மேல்" என்று சொல்கிற தம்பிக்கு வீட்டில் என்ன பதில் சொல்வது?

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. தம்பிக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஒரு வருடமாகக் கஞ்சாப் பழக்கம். கண்டித்தால், "இது செடி, இயற்கையா வர்றது. குடிச்சுட்டு ரோட்டுல கிடக்கிறவனவிட நான் எவ்வளவோ மேல். வெளிநாட்டுல சட்டமே அனுமதிக்குது" என்கிறானாம். அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, உடம்புக்கும் ஊருக்கும் என்ன கேடு, வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

அவன் சொல்வதில் உண்மையாக இருப்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். மதுவால் 2019இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 26 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கஞ்சாவை மட்டும் அளவுக்கு மீறி எடுத்துப் பெரியவர்கள் மூச்சடைத்துச் சாவது மிக அரிது. மூச்சை இயக்குகிற மூளைத்தண்டுப் பகுதியில் கஞ்சா போய் ஒட்டுகிற ஏற்பிகள் குறைவாக இருப்பதே காரணம். "ஒரு தடவை இழுத்தால் பைத்தியம், இரண்டாம் தடவை சாவு" என்று பயமுறுத்தினால், நண்பர்கள் பத்துப் பேர் நன்றாக நடமாடுவதைப் பார்க்கிற பையன், அதன்பிறகு நீங்கள் சொல்லும் சரியான விஷயத்தையும் நம்ப மாட்டான். சாவுக் கணக்கை மட்டும் வைத்து இதை எடை போட்டால் பாதிதான் தெரியும். எந்த வயதில் தொடங்கினான், வாரத்தில் எத்தனை நாள், சரக்கு எவ்வளவு வீரியம், குடும்பத்தில் மனநோய் உண்டா, கூடவே வேறென்ன எடுக்கிறான் என்ற ஐந்தும்தான் கேட்டைத் தீர்மானிக்கின்றன. 19 வயதில் தினமும் என்றால் முதல் இரண்டிலுமே அவன் ஆபத்தான பக்கத்தில் நிற்கிறான்.

வீரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போதை தருகிற பொருளின் பெயர் டி.எச்.சி. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைத் தொடர்ந்து சோதித்ததில் 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்தது, 2014இல் 12 சதவீதமானது. ஒரு சுருட்டில் சுமாராக 0.3 கிராம் கஞ்சா என்று வைத்தால், 4 சதவீதச் சரக்கில் 12 மில்லிகிராம் டி.எச்.சி., 12 சதவீதச் சரக்கில் 36 மில்லிகிராம். ஆராய்ச்சிகளில் ஒரு அலகு என்று வைத்திருப்பது 5 மில்லிகிராம். புகையாக இழுக்கும்போது இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேரும் என்றாலும், ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பொட்டலத்துக்கு நடுவில் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் கைமாறி வருகிற பொட்டலத்தில் அளவு எழுதியிருக்காது. விற்கிறவனுக்கும் தெரியாது.

சாப்பிடுகிற வகையில் இன்னொரு சிக்கல். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கும். லட்டிலோ சாக்லேட்டிலோ பாலிலோ கலந்து சாப்பிட்டால் ஏறுவதற்கே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். "ஒண்ணுமே ஆகலியே" என்று இன்னொரு துண்டு சாப்பிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடத்து, சாகப் போகிறோம் என்ற பயத்தோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருவார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது இன்னும் மோசம். மிட்டாய் என்று நினைத்து எடுத்துத் தின்ற குழந்தை உறக்கத்திலிருந்து எழுப்ப முடியாத நிலைக்குப் போகலாம், மூச்சும் மந்தமாகலாம். பெரியவர்களுக்கு அரிது என்று மேலே சொன்ன ஆறுதல் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

இனி மனநலம். என் கணிப்பில் பொதுச் சுகாதாரத்துக்குக் கஞ்சா வைக்கிற பெரிய கடன் இதுதான். ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் கேட்டு வைத்த விவரத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்திருந்தது. நோய் வரப்போகிறவர்கள்தான் கஞ்சாவைத் தேடிப் போகிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது மடங்கு குறைந்தது, ஆனால் தொடர்பு அழியவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு 2019இல் வந்தது. தினமும் எடுப்பவர்களுக்குச் சித்தப்பிரமை, அதாவது எது நிஜம் என்று பிரித்தறிய முடியாத நிலை, வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

பெரும்பாலானவர்களுக்கு இது வராது என்பதும் உண்மை. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஒரே ஒரு குறிப்பு உண்டு: அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சாவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. "சித்தப்பாவுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு" என்று வீட்டில் மறைத்து வைத்திருக்கிற விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய நேரம் இது.

தொடக்கத்தில் எப்படித் தெரியும்? இரண்டு மூன்று ராத்திரி உறங்கியிருக்க மாட்டான். போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சிம்மைக் கழற்றி வீசுவான். டி.வி.யில் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்வான், தனியே சிரிப்பான், குளிப்பதை விட்டுவிடுவான், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுவான். கஞ்சா ஏறியிருக்கும் சில மணி நேரத்துக்கு இப்படி இருந்து தெளிவது ஒரு வகை. நிறுத்தி இரண்டு மூன்று நாளாகியும் நீடித்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. கஞ்சாவால் இப்படி ஒரு தடவை மனம் கலங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பிறகு நிலையான மனச்சிதைவாக மாறுகிறது. "தெளிஞ்சிருச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று மாத்திரையையும் மறுபார்வையையும் விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். நம் பக்கத்தில் முதலில் மந்திரவாதியிடமும் ஜெபத்துக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போய், ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருவது சாதாரணம். நம்பிக்கை இருக்கட்டும், பிரார்த்தனையும் நடக்கட்டும், ஆனால் மருந்து அதே வாரம் தொடங்க வேண்டும். சிகிச்சை இல்லாமல் கழிகிற ஒவ்வொரு மாதமும் குணமாகும் அளவைக் குறைக்கிறது.

அடிமையாவது பற்றி: எடுத்துப் பார்த்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதிலேயே சிக்குகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு வருடத்துக்குள் கஞ்சா, பாங்கு, சரஸ் எடுத்தவர்கள் சுமார் 3.1 கோடி. அதனால் பிரச்சினைக்குள்ளாகி உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 72 லட்சம்.

"எனக்கு அடிக்‌ஷன் கிடையாது, நினைச்சா நிறுத்துவேன்" என்பார்கள். நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். கடைசியாக இழுத்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சலும் கோபமும் வரும். சோறு இறங்காது, வியர்க்கும், வயிறு பிசையும், உறக்கம் வராது, வந்தால் பயங்கரக் கனவு. முதல் வாரம்தான் உச்சம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், உறக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதம் வரை இழுக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நான்காம் நாள் ராத்திரி "ஒண்ணே ஒண்ணு" என்று திரும்பிப் போக வைப்பது இதுதான். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிற போட்டுகளில் இதை யோசித்துப் பாருங்கள். கரையில் தினமும் எடுத்தவனுக்குக் கடலில் மூன்றாம் நாள் உறக்கம் போய், சின்னப் பேச்சுக்குக்கூடக் கைநீட்டத் தோன்றும். சித்தப்பிரமை தொடங்கினால் கரைக்குக் கொண்டுவரவே நாள் கணக்கில் ஆகும். போதையிலேயே வேலை செய்தால் விஞ்சில் கை மாட்டும் அபாயம். ஆள் ஏற்றும் முன்பு ஸ்ராங்கு (போட்டை நடத்துகிறவர்) இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மற்றவர்கள் உயிருக்கும் நல்லது.

பலருக்கும், சில மருத்துவர்களுக்கும்கூட, சட்டென்று பிடிபடாத ஒரு நோய் உண்டு. பல மாதம், பல வருடம் தினமும் எடுத்தவர்களுக்கு அடக்க முடியாத வாந்தி, தொப்புளைச் சுற்றி வலி. இரண்டு மூன்று நாள் படுத்திவிட்டு நிற்கும், சில வாரத்தில் திரும்ப வரும். அல்சர் என்று மாத்திரை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று பணம் போகும், எதிலும் ஒன்றும் தெரியாது. காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஒன்றே ஒன்று: வெந்நீரில் குளித்தால் வாந்தி நிற்கும். ஒரு நாளில் நாலைந்து தடவை, மணிக்கணக்கில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பகுதி மருத்துவர்கள் 2004இல் இதை முதலில் விவரித்தார்கள். வழக்கமான வாந்தி ஊசி இதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம் என்பதால் டிரிப்ஸ் தேவைப்படும். முழுத் தீர்வு கஞ்சாவை நிறுத்துவது மட்டும்தான், அதற்கும் சில வாரங்கள் பிடிக்கும். வாந்தி குறைக்கும் என்று பேர் வாங்கிய செடியே வாந்தி வரவைக்கும் என்பதை நம்பாமல், நிவாரணத்துக்கு என்று இன்னும் அதிகமாக இழுத்து மோசமாக்கிக் கொள்வதும் நடக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வெந்நீர் விஷயத்தையும் கஞ்சா விஷயத்தையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெஞ்சைப் பொறுத்தவரை, எரித்து இழுப்பது எதுவானாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. கஞ்சாவை ஆழமாக இழுத்து அடக்கி வைப்பதால் கூடுதலாகப் படியும். பீடித் தூளோடு கலந்து இழுப்பவர்கள் புகையிலைக்கும் சேர்த்து அடிமையாகிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு பேர் காருக்குள் ஒரே சுருட்டைக் கைமாற்றுவதுதான் காசநோய் பரவத் தோதான இடம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள இந்த மாவட்டத்தில் ஈரம் பட்டு வைத்த இலையில் பூஞ்சை பிடிப்பதும் எளிது. கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் மருந்து, சிறுநீரக மாற்று என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது நுரையீரலில் போய் வளரும்.

இதயத் துடிப்பு எடுத்த சில நிமிடங்களில் நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. கர்ப்பிணிகள் எடுத்தால் டி.எச்.சி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடும். தாய்ப்பாலிலும் கலக்கும்.

சாலைக்கு வருவோம். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கஞ்சா என்ன செய்கிறதென்றால், தூரத்தையும் நேரத்தையும் தப்பாகக் கணிக்க வைக்கிறது, பிரேக் பிடிக்கும் முடிவைத் தாமதமாக்குகிறது, வண்டியை ஒரு நேர்கோட்டில் நிறுத்த விடுவதில்லை. "நான் மெதுவாத்தானே போறேன்" என்பார்கள். மெதுவாகப் போனாலும் களியக்காவிளை சாலையின் நெரிசலில், எதிரே பஸ் முந்திக்கொண்டு வரும்போது, அந்த அரை நொடிதான் உயிர். கூட இரண்டு பெக் சேர்ந்தால் இரண்டின் பாதிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். புகைத்தால் குறைந்தது ஆறு மணி நேரம், சாப்பிட்டிருந்தால் அதைவிட நெடுநேரம், வண்டியைத் தொடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு மதுவுக்கு மட்டுமானதல்ல. போதைப்பொருளின் பிடியில் ஓட்டினாலும் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"வெளிநாட்டில் அனுமதி" என்ற வாதம். கனடா 2018இல் அனுமதித்தது உண்மை. அங்கே வாங்குவதற்குக் குறைந்தபட்ச வயது மாகாணத்தைப் பொறுத்து 18, 19, கியூபெக்கில் 21. பொட்டலத்தில் டி.எச்.சி. அளவு அச்சிட்டிருக்கும், சோதனைக்கூடத்தில் பார்த்திருப்பார்கள். தாய்லாந்து 2022இல் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, 2025இல் மருந்துச் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. ஐ.நா. 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அது இன்னும் கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. மருத்துவப் பயன் உண்டு என்று ஒத்துக்கொண்டதே அந்த முடிவு. அதேபோலத்தான் சித்த மருத்துவமும். வர்ம ஆசான்மாரும் வைத்தியர்களும் நிறைந்த மாவட்டத்தில் "நம்ம சித்தர்களே எடுத்தார்கள்" என்று சொல்வது எளிது. சுத்தி செய்து (நச்சு நீக்கி), அளவு வைத்து, துணைமருந்தோடு, ஒரு குறிப்பிட்ட நோய்க்குக் கொடுப்பது வைத்தியம். அதைக் காட்டிக் கல்லூரிக்குப் பின்னால் தினமும் இழுப்பதற்கு நியாயம் தேட முடியாது.

சட்டம் இங்கே எப்படி என்பதைத் தம்பி தெரிந்துகொள்ளட்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. அதற்கே ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் பத்து வருடத்தில் தொடங்கும். எடுத்தாலே 27ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை. ஒரு வழக்கு இருந்தால் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் நிற்கும். கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்புகிற மாவட்டத்தில் அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் பையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சிறுநீரில் இருந்தாலே குற்றம். இதே இந்தியச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. அடிமையானவர், எடுத்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம்தான் பலரைத் தள்ளி நிறுத்துகிறது. மருத்துவர் காவல் நிலையத்துக்குச் சொல்வதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. சிறுவர்களுக்கு விற்பவன் மேல் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அந்தத் தகவலை 10581 என்ற மாநில இலவச எண்ணிலோ 1933 என்ற தேசிய எண்ணிலோ சொல்லலாம்.

வீட்டில் எப்படித் தொடங்குவது? போதையில் இருக்கும்போது பேச்சே வேண்டாம். காலையில், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது, "மக்களே, நீ சரியா உறங்கி எத்தன நாளாச்சு? சாப்பாடும் இறங்கல்லியே" என்று உடம்பிலிருந்து தொடங்குங்கள். "எங்கேயிருந்து வாங்கின, யார் குடுத்தா" என்று தொடங்கினால் அவன் வாய் திறக்க மாட்டான். வாரத்தில் எத்தனை நாள், காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, நிறுத்திப் பார்த்தானா, கூட மாத்திரை ஏதும் போடுகிறானா என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். வலி மாத்திரை, உறக்க மாத்திரை சேர்ந்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து, உறக்க மாத்திரையில் வலிப்புகூட வரலாம். அது மருத்துவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீர்ச் சோதனைப் பட்டை வாங்கி வந்து வீட்டில் சண்டை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டி.எச்.சி. கொழுப்பில் தங்குகிற பொருள். ஒரு தடவை எடுத்தவனுக்கு மூன்று நாள் வரை காட்டும், தினமும் எடுத்தவனுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனபிறகும் காட்டலாம். உண்மையாகவே நிறுத்திவிட்டு இருபதாம் நாளில் பொய்யன் என்று பேர் வாங்கிய பையன், அன்று சாயங்காலமே திரும்பிப் போவான். செயற்கையாகத் தயாரித்த கஞ்சா வகைகள் இந்தப் பட்டையில் தெரியவே தெரியாது, அவையோ இயற்கைக் கஞ்சாவைவிடப் பலமடங்கு ஆபத்து.

கஞ்சாவை நிறுத்த வைக்கிற மாத்திரை என்று அங்கீகாரம் பெற்றது எதுவும் இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி காபியில் கலக்கப் பொடி விற்பவரை நம்பாதீர்கள். பலன் தருவது வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற ஆலோசனை, இரண்டு மூன்று மாதம் விடாமல். உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் குறுகிய காலம் மருந்து தரலாம். பீடி சிகரெட்டையும் சேர்த்து நிறுத்துவது நல்லது, சுருட்டுகிற கைப்பழக்கம் இருக்கும்வரை கஞ்சா கூப்பிடும். தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கப் போனால் மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், குடும்பத்தாரைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மனநல மருத்துவர் அனுமதியில்லாமல் கட்டிப்போடுவதும், எந்த நிலையிலும் சங்கிலி போடுவதும் 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.

அவசரம் என்றால்: நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், சாகப் போவதாகப் பேச்சு, ஆயுதம் எடுத்தல். இதில் எது நடந்தாலும் 108. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ புளித் தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வெறும் பயமும் படபடப்பும் என்றால் கூட்டத்தை விலக்கி, வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையில், "கொஞ்ச நேரத்துல இறங்கிரும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று ஒரே ஒருவர் கூட இருந்தால் போதும்.

நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள். அவன் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசினாலும் வழி சொல்வார்கள். ஆதார், பழைய சீட்டுகள், இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள், எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், உறக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்கு மனநோய் இருந்தது என்று எழுதிய ஒரு தாள் கையில் இருக்கட்டும். வெளியே தெரியக்கூடாது என்று தயங்கினால் முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழில் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. போதை மீட்புக்கென்றே தனியாக இருக்கிற தேசிய எண் 14446.